அத்தியாயம் 3: எதை நோக்கிப் பிடிப்பது?

போன அத்தியாயத்தில் கேமராவை எப்படிப் பிடிப்பது என்று பார்த்தோம். எதை நோக்கிப் பிடிப்பது என்பது இந்த அத்தியாயம். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியில்தான் நின்றுபோகிறார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் பையன், வேலூரில் நர்சிங் படிக்கும் பெண், பேர்ணாம்பட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர் என்று பலரும் வருவார்கள். முதல் நாள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "ஏலகிரிக்குப் போனா நல்ல படம் கிடைக்கும் சார். நம்ம ஊர்ல இன்னா இருக்கு, தோல் நாத்தம்தான்."

ஏலகிரிக்குப் போகட்டும், தப்பில்லை. போய்விட்டு வந்தவர்கள் காட்டும் படங்களையும் பார்த்திருக்கிறேன். மேகம், ஏரி, படகு. பத்துப் பேர் எடுத்த பத்துப் படங்களையும் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று எடுத்தவருக்கே தெரியாது. அடுத்த மாதம் அவர்களில் எட்டுப் பேரின் கேமரா பீரோவுக்குள் போய்விடும். அழகான இடத்துக்குப் போனால் அழகான படம் கிடைக்கலாம். ஆனால் ஆர்வம் வளர்வது ஒரு இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதால்தான். இருபது வருடங்களாகச் சொல்லிக்கொடுத்ததில் நான் உறுதியாக நம்புவது இது ஒன்றுதான்.

உங்கள் செல்போனுக்கு ஏற்கெனவே தெரியும்

கேமரா வாங்குவதற்கு முன்னால் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, உங்கள் செல்போனில் கிடக்கும் கடைசி 500 படங்களைப் பாருங்கள். கல்யாணம், பிறந்தநாள், ரசீது, ஆதார் கார்டு இவற்றையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள். யாரும் கேட்காமல், எந்தத் தேவையும் இல்லாமல், நீங்களாக நின்று எடுத்த படங்கள் எவை? முப்பதோ நாற்பதோ தேறும். அவற்றில் எது திரும்பத் திரும்ப வருகிறது?

ஒரு பெண்ணின் போனில் பதினேழு படங்கள் கதவுகளாக இருந்தன. அவருக்கே அது தெரியாது. இன்னொருவர் போனில் எல்லாப் படமும் யாரோ வேலை செய்யும் கைகள். பிரியாணி மாஸ்டர் தேக்சாவின் மூடிமேல் தணலை அள்ளிப் போடும் கை, டீ ஆற்றும் கை, ஷூ அப்பர் தைக்கும் கை. "எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். ஆர்வத்தைப் புதிதாக எங்கிருந்தோ கொண்டுவர வேண்டியதில்லை. கண் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதைக் கவனிக்க வேண்டும், அவ்வளவே.

இதைச் செய்து முடிக்காமல் கேமரா வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். முதல் ஆறு மாதத்துக்கு இருக்கிற போனே போதும். அதன் பிறகும் கை துடித்தால், பழைய கேமரா ஒன்றும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மாதத் தவணையில் புதிய கேமரா எடுத்துவிட்டு, தவணை கட்டுவதற்காகவே பிடிக்காத வேலைகளை ஒப்புக்கொண்டு, படமெடுப்பதையே வெறுத்துப்போனவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே இடம், பத்துத் தடவை

மா. கிருஷ்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். நம் நாட்டின் தலைசிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர்களில் ஒருவர். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைப் பொருத்தித் தாமே ஒரு கேமராவை ஒட்டுப்போட்டுச் செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேரும் வைத்தார். யானைகளை எடுத்தவர் என்றுதான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் 1950 முதல் 1996இல் இறக்கும் வரை, 46 ஆண்டுகள், 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் அவர் எழுதிய பத்தியைப் புரட்டினால் காக்கை, அணில், பல்லி, தெருவில் திரியும் ஆடு மாடு என்று வீட்டைச் சுற்றியிருந்த உயிர்கள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று தெரியும். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் புத்தகமாகக் கிடைக்கின்றன. புகைப்படம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் புத்தகம் அதுதான். லென்ஸைப் பற்றி அதில் ஏதும் கிடைக்காது. ஒன்றை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை அதில் கற்கலாம்.

ஆகவே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் நடந்தோ சைக்கிளிலோ போய்விட வேண்டும். மூன்று மாதத்துக்குள் பத்துத் தடவை போக வேண்டும். வேலூர்க்காரர்களுக்குக் கோட்டை அகழி இருக்கிறது. காலையில் காற்று எழுவதற்கு முன், தண்ணீர் அசையாமல் கிடக்கும்போது, பதினாறாம் நூற்றாண்டுக் கருங்கல் மதில் முழுசாகத் தலைகீழாக அதில் தெரியும். உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தின் தூண்களுக்கு மட்டும் பத்துத் தடவை போதாது. (கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கையில் பிடித்து எடுக்கலாம். முக்காலி வைக்க அனுமதி வாங்க வேண்டும்.) ஆம்பூர்க்காரர்களுக்குக் காலை ஷிஃப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக வரும் கம்பெனி பஸ்கள். குடியாத்தத்தில் கைலி நெய்யும் தறிகள். வாணியம்பாடியில் பாலாற்றுப் பாலம்.

முதல் தடவை போகும்போது எல்லோரும் எடுப்பதையே நீங்களும் எடுப்பீர்கள். இரண்டாவது, மூன்றாவது தடவையும் அதுதான். நான்காவது தடவை சலித்துவிடும். "இங்கே இனி எடுக்க ஒன்றுமில்லை" என்று தோன்றும். பெரும்பாலானோர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து ஐந்தாவது தடவையும் போங்கள். மனதில் இருந்த படங்கள் எல்லாம் தீர்ந்துபோன பிறகுதான் கண் எதிரே இருப்பதைப் பார்க்க ஆரம்பிக்கும். என் மாணவர் ஒருவர் ஆறாவது நாள், பஸ்ஸில் ஏறும் பெண்கள் எல்லோரும் தங்கள் சாப்பாட்டுப் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொள்ளும் ஒரு விநாடியைக் கண்டுபிடித்தார். படியில் ஏறக் கம்பியைப் பிடிக்க வேண்டும், அதற்காக. அந்த ஒரு அசைவை வைத்தே அவர் பதினான்கு படங்கள் எடுத்தார். அவர் இப்போது படமெடுக்காத வாரம் கிடையாது.

தோல் சொல்லித்தரும் வெளிச்சம்

நம் ஊர்த் தோலைப்போல ஒளியைக் கற்றுத்தரும் பொருள் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. தோல் பதனிடும் ஒரே டேனரியில் வெள்ளை, வெளிர்நீலம், செம்பழுப்பு, கறுப்பு என்று அது நிறம் மாறிக்கொண்டே போகிறது. ஈரத்தில் பளபளக்கும், காய்ந்தால் ஒளியைக் குடித்துவிடும்.

கறுப்பிலிருந்து தொடங்குவோம். சாயமேற்றிய கறுப்புத் தோல் வரிசையாகத் தொங்குகிறது. எடுத்துப் பார்த்தால் படத்தில் அது வெளிறிய சாம்பலாக வந்திருக்கும். உங்கள் கேமராவில் பழுது ஒன்றுமில்லை. கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது எதுவானாலும் சராசரியாக நடுச்சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு அளக்கிறது. கறுப்பைக் கண்டால் இருட்டு என்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடும். ஆகவே எக்ஸ்போஷரை நீங்கள் குறைக்க வேண்டும். மைனஸ் 1இலிருந்து தொடங்கிப் பாருங்கள். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த வெள்ளைத் தோலிலும், வெள்ளை ஷூவிலும் இதற்கு நேர்மாறாக நடக்கும். அங்கே பிளஸ் 1. செல்போனில் என்றால் தோலின் மேல் விரலால் தொட்டுவிட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழேயோ மேலேயோ இழுங்கள். இதை ஒரு மணி நேரம் செய்து பார்த்தவருக்கு, வெள்ளைச் சேலை உடுத்திய பாட்டியையும் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீலையும் எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது நீலம். குரோமில் பதனிட்டு ஈரத்தோடு அடுக்கிவைத்திருக்கும் தோலை 'வெட் ப்ளூ' என்பார்கள். பெயருக்கேற்ற வெளிர்நீலம். கேமராவைத் தானியங்கி ஒயிட் பேலன்ஸில் விட்டால், காட்சி முழுக்க நீலமாக இருப்பதைக் குறை என்று எண்ணி, சரிசெய்கிறேன் என்று மஞ்சளைக் கூட்டும். தோலின் நிறமும் போகும், பக்கத்தில் நிற்பவரின் முகமும் மஞ்சளாகும். கதவோரம் பகல் வெளிச்சத்தில் எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸை 'டேலைட்'டில் நிறுத்திவிடுங்கள். முன்னோர்கள் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலின் செம்பழுப்பைச் சில இடங்களில் இன்றும் பார்க்கலாம். நீலத்தையும் செம்பழுப்பையும் ஒரே படத்தில் வைத்தால், ஒரு தொழிலின் நூறாண்டு மாற்றம் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

பிறகு டிரம். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மரப் பீப்பாய், மெதுவாகச் சுழலும். 1/250 விநாடியில் எடுத்தால் அது நின்றுபோன பீப்பாய்தான். ஷட்டரை 1/8க்குக் கொண்டுவாருங்கள். ஏதாவது தூணில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். பக்கத்தில் அசையாமல் நிற்கும் தொழிலாளி துல்லியமாகவும் டிரம் சுழன்றபடியும் பதிவாகும். போனில் 'ப்ரோ' வகை இருந்தால் அதிலும் இது முடியும். பத்துக்கு எட்டுப் படம் கலங்கிப்போகும். மீதி இரண்டுக்காகத்தான் எடுக்கிறோம்.

காயப்போட்ட தோலின் மேற்பரப்பு தெரிய வேண்டுமானால் வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும். விடிந்து ஒன்றரை மணி நேரம், சாய்வதற்கு முன் ஒன்றரை மணி நேரம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அக்கினி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்கே ஒளி தட்டையாகிவிடும். அந்த நாட்களின் சூட்டில் கேமராவை வண்டிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். டேனரிக்குள் கழிவுநீர்த் தொட்டிகளையும் மூடிய குழிகளையும் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. முடி நீக்கப் பயன்படும் சல்ஃபைடிலிருந்து எழும் வாயு ஆளைக் கொல்லும். அது அடர்த்தியாக இருக்கும் இடத்தில் மூக்கும் மரத்துப்போவதால் வாசனை எச்சரிக்காது. நல்ல ஒளி கிடைக்கிறது என்று அந்தப் பக்கம் ஒரு அடியும் வைக்காதீர்கள். தரை வழுக்கும், பிடிப்புள்ள ஷூ வேண்டும். லென்ஸை உள்ளே வைத்து மாற்றாதீர்கள், ஈரமும் சுண்ணாம்புத் தூளும் உள்ளே போய்விடும்.

கேட்டு எடுப்பது

முதலாளியின் அனுமதியில்லாமல் கேட்டுக்குள் போகக் கூடாது. யார் நீங்கள், எதற்காக, படங்களை எங்கே காட்டுவீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சின்ன டேனரிகளில் பல நேரம் "வாங்க" என்றே சொல்வார்கள். வெளிநாட்டுப் பிராண்டுகளுக்குத் தைக்கும் பெரிய ஷூ கம்பெனிகளில், சந்தைக்கு வராத டிசைன் வெளியே போய்விடும் என்று மறுப்பார்கள். அது நியாயமான காரணம், மல்லுக்கு நிற்காதீர்கள். வெளியே தெரு இருக்கிறது. டீக்கடை, தோல் ஏற்றிய வண்டி, சாலையோர ஷூ கடைகள் இருக்கின்றன. நான் பார்த்த நல்ல படங்களில் பாதிக்கு மேல் கேட்டுக்கு இந்தப் பக்கம் எடுத்தவை.

அனுமதி முதலாளியோடு முடிந்துவிடுவதில்லை. படத்தில் வரப்போகிறவரிடமும் கேட்க வேண்டும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசத்தால் ஊரே நோயில் விழுந்தது. புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1971இல் மனைவி ஐலீனோடு அங்கே போய்க் குடியிருந்து படமெடுத்தார். நோயோடு பிறந்த மகளைத் தாய் குளிப்பாட்டும் படம் உலகத்தையே உலுக்கியது. அந்த மகள் இறந்து பல ஆண்டுகள் கழித்து, எங்கள் மகள் இனி ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். 1998இல் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை ஐலீன் அவர்களிடமே ஒப்படைத்தார். உலகப் புகழ்பெற்ற படத்துக்கே அது பொருந்துமானால், நம் படங்களுக்கும் பொருந்தும். ஒருவர் பிறகு வந்து "வேணாம்" என்றால் அழித்துவிட வேண்டும்.

இன்னொரு முன்மாதிரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார். மலக்குழியில் இறக்கப்படும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் படமெடுத்தவர், 'பாரி' இணையதளத்தின் புகைப்படக் கலைஞர். மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த தம் தாயையும் அவர் படமெடுத்திருக்கிறார். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது அவருக்குத்தான் கிடைத்தது. அவர் படங்களில் தொழிலாளிகள் தலைகுனிந்து நிற்பதில்லை. தெரிந்தவர் ஒருவரைப் பார்ப்பதுபோல் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். பல தடவை போனவருக்குத்தான் அந்தப் பார்வை கிடைக்கும்.

தேதி எழுதுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் நாள், இடம், என்ன நடக்கிறது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாதவரின் படங்கள் பத்து வருடத்தில் ஊமையாகிவிடும். 2019 நவம்பர் வரை ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அதுகூட நினைவில் தங்காது.

நம் பாலாற்றங்கரையில் தேதிக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. தோல் கழிவால் பாலாறு கெட்டது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆற்றுக்காக 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள். அந்த 28 ஆண்டுகளில் ஒரே பாலத்தின் ஒரே கைப்பிடியில் நின்று மாதம் ஒரு படம் யாராவது எடுத்திருந்தால், இன்று அவரிடம் 300க்கு மேல் படங்கள் இருக்கும். வறண்ட மணல், நுரை, 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிய செந்நீர் எல்லாம் அதில் இருக்கும். அப்படி ஒரு தொகுப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. உங்களில் ஒருவர் இன்று தொடங்கலாம். அதற்குச் செல்போன் போதும்.

கடைசி வேலை

பத்துத் தடவை போய் வந்ததும் கையில் 300, 400 படங்கள் இருக்கும். ஒரு வாரம் அவற்றைத் திறக்காதீர்கள். பிறகு உட்கார்ந்து பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள். மற்றதை அழிக்க வேண்டாம், ஒதுக்கிவையுங்கள். எடுப்பதற்குப் பட்ட கஷ்டத்தை நினைத்து எதையும் சேர்க்காதீர்கள், படத்தைப் பார்க்கிறவருக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. பன்னிரண்டையும் 4க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, தரையில் பரப்பி, வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எந்தப் படத்தில் அவர்கள் கண் நிற்கிறது என்று பாருங்கள். வாயால் சொல்வதைவிட அது உண்மை.

ஊர் ஸ்டுடியோக்காரரிடமே பிரிண்ட் போடுங்கள், அப்படியே பழக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ரம்ஜான் மாதத்தில் நிக்காஹ் குறைவு. அந்த நாட்களில் அவருக்குப் பேச நேரம் இருக்கும். பத்து வருடம் கல்யாணம் எடுத்தவருக்கு முகத்தில் விழும் வெளிச்சத்தைப் பற்றித் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பிரிண்ட் போடும்போது, படத்தில் இருப்பவருக்கும் ஒரு பிரதி சேர்த்துப் போடுங்கள். இதை நான் தாமதமாகக் கற்றேன். என் இருபத்து மூன்றாவது வயதில், இரவல் கேமராவோடு ஒரு சின்ன டேனரிக்குப் போனேன். டிரம்முக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர், "இன்னா தம்பி, இத்தப் போயி போட்டோ புடிக்கிற?" என்று சிரித்தார். எடுத்து முடித்ததும், "எனக்கு ஒரு காப்பி குடுப்பியா? நான் வேல செய்யிறத எம் பேரன் பாத்ததே இல்ல" என்றார். அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். ஒரு வருடம் கழித்துப் பிரிண்டோடு போனபோது அவர் அங்கே இல்லை. எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் படம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

4க்கு 6 பிரிண்ட் ஒன்றுக்கு ஆகும் செலவு ஒரு டீக்கும் சமோசாவுக்கும் ஆகிற காசுதான். இந்த வாரமே போட்டு, அவர் வேலை முடிந்து வெளியே வரும் நேரத்தில் கேட் பக்கம் நின்று கையில் கொடுத்துவிடுங்கள்.